‘ஃபயர் வாட்ச்’ பிடிக்கவில்லை என்றால் குறை யாரிடம்?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் கானி வில்லிஸ் எழுதிய ‘டு சே நத்திங் ஆஃப் தி டாக்’ நாவலைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறீர்கள். அந்த ஆக்ஸ்போர்டு காலப்பயணத் தொடருக்கே மூலம் ‘ஃபயர் வாட்ச்’ என்ற கதைதான் என்று யாரோ சொல்ல, ஆசையாகத் தேடிப் பிடித்துப் படித்திருக்கிறீர்கள். படித்தால் சிரிப்பும் இல்லை, காலப்பயணம் எப்படித் தொடங்கியது என்ற விளக்கமும் இல்லை. மற்ற வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு சாரார் தொடரிலேயே உச்சம் இதுதான் என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், இன்னொரு சாரார் பத்துப் பக்கத்தில் கொட்டாவி வந்துவிட்டது என்கிறார்கள். இதில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ‘எனக்குத்தான் எதுவோ பிடிபடவில்லையோ’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன். கதையை நீங்கள் படித்து முடித்துவிட்டதால் முடிவைப் பற்றியும் தயங்காமல் பேசுவேன், இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடத்தியதைவிட வினாத்தாள் தயாரித்ததிலும் விடைத்தாள் திருத்தியதிலும்தான் காலம் அதிகம் போயிருக்கும் என்று தோன்றுகிறது. அறிவியல் புனைகதை படிக்கும் நண்பர்கள் சிலர் வருடக்கணக்காகக் கூடிப் பேசுவோம், அங்கே இந்தக் கதை பலமுறை அடிபட்டிருக்கிறது. நான் இலக்கிய விமர்சகன் இல்லை. வில்லிஸின் ஆங்கில நடை உயர்ந்ததா மட்டமா என்று தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி போதாது. 1940-இல் லண்டனில் என்ன நடந்தது, கதை அதை எப்படிப் பயன்படுத்துகிறது, ஒரு வரலாற்று மாணவனுக்கு அங்கே என்ன ஆகிறது என்பதைப் பற்றி ஓரளவு நிதானமாகப் பேச முடியும்.

சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். கதை 1982-இல் ‘அசிமோவ்ஸ்’ பத்திரிகையில் வந்தது. அமெரிக்கக் கணக்குப்படி அது சிறுகதைக்கும் குறுநாவலுக்கும் நடுவில் வரும் நீளம், அந்தப் பிரிவில் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ, நெபுலா இரண்டு விருதையும் வாங்கியது. அதற்குப் பத்து வருடம் கழித்து 1992-இல் ‘டூம்ஸ்டே புக்’, 1997-இல் நீங்கள் படித்த நாய்க் கதை, 2010-இல் ‘பிளாக்அவுட்’, ‘ஆல் கிளியர்’ என்று இரண்டு பாகமாக ஒரே நாவல். ஆக எழுதப்பட்ட வரிசையில் ‘ஃபயர் வாட்ச்’தான் முதல். கதைக்குள் ஓடும் காலத்தை எடுத்துக்கொண்டால் அது முதல் இல்லை. கதைசொல்லி பார்த்தலோமியுவுக்குப் புத்திமதி சொல்லும் கிவ்ரின் ஏற்கெனவே இடைக்காலத்துக்குப் போய் அடிபட்டுத் திரும்பி வந்தவள், அந்தப் பயணம்தான் பின்னால் ‘டூம்ஸ்டே புக்’ ஆகிறது. அதாவது முதலில் எழுதின கதை, கதைக்குள் பார்த்தால் அந்த நாவலுக்குப் பிறகு நடக்கிறது. இதைத் தெரிந்துகொண்டாலே உங்கள் ஏமாற்றத்தில் பாதி கரைந்துவிடும். ஒரு தொடரின் மூலக்கதை என்றால் யந்திரத்தை யார் கண்டுபிடித்தார்கள், மாணவர்களைக் காலப்பயணம் அனுப்பும் பேராசிரியர் டன்வொர்த்தி எப்படித் தலைமைக்கு வந்தார், முதல் பயணம் யாருடையது என்றெல்லாம் எதிர்பார்ப்பது இயல்புதான். இதில் அப்படி எதுவும் கிடையாது. எழுதும்போது தொடர் என்று ஒன்றே இருக்கவில்லை, பிறகு எங்கிருந்து வரும்? ‘பின்னணி சொல்லவே இல்லை’ என்று குறைபடும் வாசகர்களின் புகார் உண்மையில் கதை மீதானது அல்ல, அதன் மேல் மற்றவர்கள் ஒட்டிய லேபிள் மீதானது.

சரி, லேபிளைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கதையை மட்டும் பார்ப்போம். பார்த்தலோமியு ஆக்ஸ்போர்டில் வரலாறு படிக்கும் மாணவன். களப்பயிற்சிக்காகப் புனித பவுலோடு பயணம் போக நாலு வருடம் தயாராகி இருக்கிறான். கடைசி நேரத்தில் நீ போக வேண்டியது பவுலிடம் அல்ல, லண்டன் செயின்ட் பால்ஸ் கதீட்ரலுக்கு என்கிறார்கள். அதுவும் 1940 செப்டம்பரில், ஜெர்மன் விமானங்கள் இரவுக்கிரவு குண்டு போட்டுக்கொண்டிருந்த சமயத்தில். தயாராக இரண்டே நாள். போனால் கதீட்ரலின் கூரையில் தீக்காவல் வேலை, அதாவது விழும் எரிகுண்டுகளை உடனே அணைப்பது. இவன் எழுதும் நாட்குறிப்புதான் முழுக் கதையும். ஒரு நிமிடம் இதை வேறு யாரிடமோ சொல்வதுபோல் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள்: அப்போஸ்தலரைப் பார்க்கப் போக வேண்டியவனை, பெயர் ஒத்துப்போகிறது என்பதுபோல, அவர் பெயரில் இருக்கும் கோயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். இது துயரக் கதையின் ஆரம்பமா? சுத்தமான கேலிக்கூத்தின் ஆரம்பம்!

நாய்க் கதையின் ஆரம்பத்தையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நெட் ஹென்றி காலப்பயணம் அதிகமாகி மூளை கலங்கிக் கிடக்கிறான். யார் பேசினாலும் வார்த்தைகள் சரியாகக் காதில் விழுவதில்லை, நாயைப் பார்த்தால் நெஞ்சு உருகுகிறது. அந்த நிலையிலேயே அவனுக்கு ஒரு முக்கியமான காரியத்தை ஒப்படைத்து 1888-க்கு அனுப்பிவிடுகிறார்கள். போய் இறங்கியதும் என்ன செய்யச் சொன்னார்கள் என்றே தெரியாது. முன்பின் தெரியாத ஒருவனோடும் சிரில் என்ற புல்டாகோடும் படகில் ஏறிவிடுகிறான். தான் தேடவேண்டிய பொருள் எது என்று தெரியாமலே அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுற்றும் அந்தப் பகுதியில்தான் நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். பார்த்தலோமியுவுக்கு நடப்பதும் அச்சு அசலாக இதேதான். அவன் இரண்டு நாளில் கிடைத்த தகவலையெல்லாம் நீண்டகால நினைவில் திணித்துக்கொண்டு வந்திருக்கிறான், ஆனால் வேண்டிய நேரத்தில் வேண்டியது மேலே வருவதில்லை. ஒருவர் மிகச் சாதாரணமாக ஒன்றைக் கேட்க, இவன் பேந்தப் பேந்த விழிக்கிறான், கேள்வி முடிந்து ஆள் போன பிறகு பதில் வருகிறது. தேர்வு அறையை விட்டு வெளியே வந்ததும் விடை ஞாபகம் வருவது நம் எல்லோருக்கும் பழக்கம்தானே.

அதனால்தான் முதல் சில பக்கங்கள் குழப்பமாக இருக்கின்றன என்ற புகாரை நான் தள்ளிவிட மாட்டேன். குழப்பமாகத்தான் இருக்கிறது. நாட்குறிப்பு எழுதுபவனுக்கே தன் தலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது நமக்கு எப்படித் தெரியும்? எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர், நல்ல வாசகர், இரண்டு முறை ஆரம்பித்து இரண்டு முறையும் பாதியில் வைத்துவிட்டார். அவருக்கு நான் சொன்னது: முதல் நாலைந்து பதிவுகளில் எதுவும் புரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை, எதைக் கண்டு இவன் பயப்படுகிறான் என்று மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். பயம் முழுக்கத் தப்பான இடத்தில் இருக்கிறது என்பதுதான் கதை.

அந்தத் தப்பான இடம் லாங்பி. தீக்காவலில் கூடவே இருக்கும் இளைஞன். அவனிடம் ‘வொர்க்கர்’ பத்திரிகையைப் பார்த்ததும் பார்த்தலோமியுவுக்குச் சந்தேகம் வருகிறது, இவன் கம்யூனிஸ்ட், கதீட்ரலுக்குத் தீங்கு செய்ய வந்தவன் என்று. ஏனென்றால் இவனுடைய உலகத்தில் செயின்ட் பால்ஸ் இல்லை, ஹிட்லரின் குண்டுகளுக்குத் தப்பிய கதீட்ரலைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கம்யூனிஸ்டுகள் ஒரே குண்டில் அழித்துவிட்டார்கள் என்று கதை சொல்கிறது. நிறைய வாசகர்கள் முகம் சுளிப்பது இங்கேதான். ‘பனிப்போர் காலத்து அமெரிக்கப் பயம், இன்று படிக்க அசட்டுத்தனமாக இருக்கிறது’ என்கிறார்கள். எதிர்காலப் பகுதியைப் பொறுத்தவரை அது நியாயமான பேச்சு, 1982-இன் வாடை அதில் பலமாகவே அடிக்கிறது. ஆனால் 1940 பகுதியை அதோடு சேர்த்துத் தள்ளக்கூடாது. 1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட பிறகு, பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சி இது ஏகாதிபத்தியப் போர் என்று எதிர்த்தது. 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் மீது பாயும்வரை அந்த நிலை மாறவில்லை. அவர்களுடைய ‘டெய்லி வொர்க்கர்’ நாளிதழை அரசாங்கம் 1941 ஜனவரியில் தடையே செய்தது. ஆகவே 1940-இன் இலையுதிர்காலத்தில் அந்தப் பத்திரிகையோடு திரிபவனை ஒரு லண்டன்வாசி முறைத்துப் பார்த்திருப்பான் என்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் லாங்பியும் இவனைக் கவனித்துக்கொண்டே இருக்கிறான். எதைக் கேட்டாலும் தடுமாறுகிறான், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இவனுக்குத் தெரியவில்லை, அப்படியானால் இவன் யார்? ஜெர்மன் உளவாளி! ஒரே கூரையைக் காப்பாற்ற நிற்கும் இரண்டு பேர், ஒருவனை ஒருவன் அதைக் கொளுத்த வந்தவன் என்று நம்பிக்கொண்டு ராத்திரி முழுக்கக் காவல் காக்கிறார்கள். இதையே ஒரு படகுப் பயணத்தில் வைத்து, குண்டுக்குப் பதில் காணாமல் போன பூனையைப் போட்டால் நீங்கள் சிரித்த நாவல் வந்துவிடும். (அந்தப் பூனையின் பெயர் பிரின்சஸ் அர்ஜுமந்த் என்பதைக் கவனித்தீர்களா? அர்ஜுமந்த் பானு என்பது மும்தாஜ் மகாலின் இயற்பெயர். விக்டோரியா காலத்துச் சீமாட்டிகளின் இந்திய மோகத்தைப் பூனையின் பெயரிலேயே வில்லிஸ் கிண்டல் செய்துவிட்டுப் போகிறார்.)

‘கதைசொல்லி இவ்வளவு மந்தமாக இருக்கிறானே, லாங்பி நல்லவன் என்று நமக்கு எப்போதோ தெரிந்துவிட்டதே’ என்று ஒரு கருத்தை அடிக்கடி பார்க்கிறேன். தெரிந்துவிட்டால் நல்லது. அது மர்மக் கதையின் முடிச்சாக வைக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வரலாறு படித்தவன், முடிவு தெரிந்தவன், கதீட்ரல் இந்தப் போரில் தப்பிக்கும் என்று புத்தகத்தில் படித்தவன், அவனே பக்கத்தில் நிற்கும் மனிதனைத் தப்பாகப் படிக்கிறான் என்பதில்தான் ஆசிரியருக்கு அக்கறை. நமக்கு முன்னாலேயே தெரிவது அதற்கு உதவிதான்.

டிசம்பர் 29 இரவை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டால் கதை நிச்சயமாக மிஞ்சாது. அன்று ஞாயிற்றுக்கிழமை. லண்டனின் பழைய நகரப் பகுதியில் அலுவலகங்களும் கிடங்குகளும் பூட்டிக் கிடந்தன, உள்ளே தீயைக் கவனிக்க ஆள் இல்லை. தேம்ஸில் நீர் மிகவும் வற்றியிருந்த நேரம், குண்டு விழுந்து பிரதானக் குழாய்களும் உடைந்துவிட்டன. ஆயிரக்கணக்கில் எரிகுண்டுகள் விழுந்தன. கதீட்ரலை ஒட்டிய பேட்டர்னாஸ்டர் ரோ புத்தக வியாபாரிகளின் தெரு, அங்கே லட்சக்கணக்கான புத்தகங்கள் எரிந்தன. கதீட்ரலைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னே கட்டிய வேறு பல தேவாலயங்களும் அந்த இரவில் போயின. எரிகுண்டு என்றால் ஏதோ பிரம்மாண்டம் என்று நினைக்காதீர்கள், சுமார் ஒரு கிலோ எடையுள்ள மெக்னீசியக் குழாய், கையில் எடுத்துவிடலாம். விழுந்த கணமே ஆள் இருந்தால் மண்ணைக் கொட்டியோ, வாளியில் வைத்துக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு இயக்கும் சின்னக் கைப்பம்பால் தண்ணீரைத் தூவியோ அடக்கிவிடலாம். ஆள் இல்லாவிட்டால் கட்டடம் போனது போனதுதான். தீக்காவலின் மொத்த வேலையும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான், மாதக்கணக்கில் தூங்காமல் இருப்பதும் அதற்காகத்தான்.

செயின்ட் பால்ஸின் குவிமாடத்தில் இன்னொரு சிக்கல். வெளியிலிருந்து பார்க்கும் குவிமாடம் கல் இல்லை. உள்ளே செங்கல்லில் ஒரு குவிமாடம், அதற்கு மேல் உச்சி விளக்கு மண்டபத்தைத் தாங்கும் செங்கல் கூம்பு, அதற்கு வெளியே மரச்சட்டம், மரத்தின் மேல் ஈயத் தகடு. நாம் படத்தில் பார்ப்பது அந்த ஈயத்தை. அன்றிரவு ஒரு எரிகுண்டு அந்த ஈயத்தில் குத்தி நின்று எரியத் தொடங்கியது, ஈயம் உருக ஆரம்பித்தது. குண்டு உள்பக்கமாக நழுவியிருந்தால் காய்ந்த பழைய மரம், மேலே தண்ணீர் ஏறாது, அவ்வளவுதான். அது வெளிப்பக்கமாகச் சரிந்து கீழே உள்ள ஸ்டோன் கேலரி என்ற வெளிமாடத்தில் விழுந்தது, அங்கே அணைத்துவிட்டார்கள். மனித முயற்சி எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, அங்கே நின்றவர்களாலேயே முடிந்திருக்குமா என்பது சந்தேகம். கதீட்ரலில் இன்று இருக்கும் நினைவுக்கல் கடவுளின் கிருபையால் இந்தக் கோயிலைக் காப்பாற்றிய ஆண்களையும் பெண்களையும் நினைவுகூரச் சொல்கிறது, இரண்டு பக்கமும் அதில் வந்துவிடுகிறது. பார்த்தலோமியு 1940-இல் இறங்கியதும் முதலில் தேடுவது அந்தக் கல்லைத்தான். அது இன்னும் வைக்கப்படவே இல்லை, போர் முடிந்த பிறகுதான் வரும். கதையின் முதல் வரியே இந்த நகைச்சுவைதான், ஆனால் முதல் வாசிப்பில் யாருக்கும் சிரிப்பு வராது.

இனி நான் உங்களுக்குச் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாய்க் கதை எங்கே தொடங்குகிறது? 1940 நவம்பரில், குண்டு விழுந்து எரிந்துபோன கோவென்ட்ரி கதீட்ரலின் இடிபாடுகளில். நெட் சாம்பலைக் கிளறிக்கொண்டு பிஷப்பின் அந்தக் கோரமான பூஜாடியைத் தேடிக்கொண்டிருக்கிறான், லேடி ஷ்ராப்னல் கதீட்ரலை அச்சுப் பிசகாமல் திரும்பக் கட்ட வேண்டும் என்று உயிரை வாங்குகிறாள். அது வெறும் கற்பனைப் பின்னணி இல்லை. 1940 நவம்பர் 14 இரவில் கோவென்ட்ரி கதீட்ரலின் கூரையில் அதன் தலைமைக் குருவான ப்ரோவோஸ்ட் ஹோவர்டும் இன்னும் மூன்று பேரும் நின்று மணலையும் கைப்பம்பையும் வைத்துக்கொண்டு விழுந்த எரிகுண்டுகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். நாலே பேர். மணல் தீர்ந்தது, தண்ணீரும் போனது, கதீட்ரல் எரிந்தது. ஆறரை வாரம் கழித்து லண்டனில் அதே வேலையை இன்னும் பெரிய படை செய்தது, அங்கே கதீட்ரல் நின்றது. வில்லிஸ், தப்பி நின்ற கோயிலைப் பற்றி அழ வைக்கும் கதையும், எரிந்த கோயிலைப் பற்றிச் சிரிக்க வைக்கும் நாவலும் எழுதியிருக்கிறார். நியாயமாகப் பார்த்தால் தலைகீழாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? ஆனால் அவருடைய எதிர்காலத்தில் செயின்ட் பால்ஸ் திரும்பி வராதபடி போய்விட்டது, கோவென்ட்ரி லேடி ஷ்ராப்னலின் புண்ணியத்தில் திரும்பி வருகிறது. நான் ‘ஃபயர் வாட்ச்’சை நாய்க் கதையின் முன்கதை என்று சொல்ல மாட்டேன், அதன் மறுபக்கம் என்பேன். ஒன்று பிடித்த பலருக்கு மற்றது பிடிக்காமல் போவதும், இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் இரண்டையுமே உயர்த்திப் பேசுவதும் இதனால்தான் என்பது என் ஊகம். ஆசிரியர் இப்படித் திட்டமிட்டார் என்று சொல்லவில்லை. பதினைந்து வருட இடைவெளியில் எழுதியவை, அவ்வளவு தூரம் யாரும் திட்டம் போடுவதில்லை.

தேர்வுக் காட்சிக்கு வருவோம், அதில்தான் வாசகர்கள் சரிபாதியாகப் பிரிகிறார்கள். திரும்பி வந்த பார்த்தலோமியுவுக்குத் தேர்வு வைக்கிறார்கள். எத்தனை குண்டு விழுந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்று எல்லாம் எண்ணிக்கைக் கேள்விகள். கூரையில் நின்றவனுக்கு, கூட நின்றவர்களின் முகம் இன்னும் கண்ணில் நிற்பவனுக்கு அது தாங்கவில்லை, மனிதர்களைப் பற்றி ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று வெடித்துவிடுகிறான். தோற்றுவிட்டோம் என்று நினைக்கும்போது முதல் வகுப்பில் தேறியிருக்கிறான். ‘இது ரொம்ப நாடகத்தனம், ஆசிரியரே மேடை ஏறிப் பேசுகிறார்’ என்பது ஒரு கட்சி. கொஞ்சம் சத்தம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வினாத்தாள் தயாரித்தவன் என்ற முறையில் அந்தக் காட்சி எனக்கு வேறு மாதிரி சுடும். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடைக்குறிப்பு எழுதும்போது நாங்கள் என்ன செய்வோம்? ஒரு பஞ்சத்தைப் பற்றிய கேள்வி என்றால் ஆண்டுக்கு ஒரு மதிப்பெண், காரணங்களில் ஏதாவது மூன்றுக்கு மூன்று, இறந்தவர் எண்ணிக்கைக்கு ஒன்று. மதிப்பீட்டு முகாமில் மேசைக்கு மேசை அதே குறிப்பை வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போவோம். ஒரு பையன் தன் பாட்டி சொன்னதாகப் பஞ்சகாலத்தில் எதை அவித்துச் சாப்பிட்டார்கள் என்று ஒரு பக்கம் எழுதியிருப்பான், குறிப்பில் இல்லை, மதிப்பெண் போட வழி இல்லை. அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்குப் பார்த்தலோமியுவின் கோபம் நாடகமாகத் தெரியாது. நான் இந்தக் காட்சிக்குச் சாதகமாகப் பேசுவதில் என் தொழில் கலந்திருக்கிறது, அந்தத் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தத் தேர்வு எண்ணிக்கையை வெறுக்கச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளும் வாசகர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எத்தனை குண்டு என்று யாரோ எண்ணி எழுதி வைத்ததால்தான் வில்லிஸால் இந்தக் கதையை எழுத முடிந்தது. டன்வொர்த்தி கல்நெஞ்சக்காரர் என்பதும் எனக்கு ஒட்டவில்லை, பின்வந்த நாவல்களில் அவரைப் பார்த்தால் தன் மாணவர்களுக்கு என்ன ஆகுமோ என்று தூக்கமில்லாமல் தவிப்பவர் அவர்தான். மூலக்கதையை மட்டும் படித்தவர்களுக்கும் நாவல்களிலிருந்து வந்தவர்களுக்கும் டன்வொர்த்தி இரண்டு வேறு ஆட்களாகத் தெரிவது இதனால்தான்.

உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ஃபயர் வாட்ச்’சில் ஒரு பூனையோடு வரும் பெண்ணின் பெயர் ஈனோலா. ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு போட்ட விமானத்தின் பெயர் ஈனோலா கே. ஒரே குண்டில் ஒரு கதீட்ரல் அழிந்த எதிர்காலத்திலிருந்து வந்தவனின் கதையில் இந்தப் பெயர் தற்செயலாக வந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் இது என் வாசிப்பு மட்டும்தான், கதைக்குள் யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. ஈனோலாவின் பகுதி மெலிதாக இருக்கிறது, அவள் மீது நமக்கு அக்கறை வரும் அளவுக்கு இடம் தரவில்லை என்ற குறையை நான் முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். லாங்பிக்குக் கிடைத்த பக்கங்களில் பாதியாவது அவளுக்குக் கிடைத்திருக்கலாம்.

தொடர் முழுவதற்கும் சேர்த்து வைக்கப்படும் புகார்கள் சில உண்டு, அவற்றை இந்தக் கதையின் தலையில் கட்ட வேண்டாம். 2050-களில் நடக்கும் ‘டூம்ஸ்டே புக்’கில் ஒருவரிடமும் கைபேசி இல்லை, ஆளைத் தேடி லேண்ட்லைனில் மாறி மாறிப் பேசுகிறார்கள் என்பது பிரசித்தமான கிண்டல். ‘பிளாக்அவுட்’டில் போர்க்கால லண்டனில் அப்போது இல்லாத ஜூபிலி ரயில் பாதை வந்துவிட்டது என்று பிரிட்டிஷ் வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள், அந்தப் பாதை திறந்தது 1979-இல். இவை உண்மையான குறைகள். ‘ஃபயர் வாட்ச்’சில் காட்சி பெரும்பாலும் கூரையும் நிலவறையும் சுரங்க ரயில் நிலையமும்தான், அதனால் அவ்வளவு தடுக்கி விழ இடமில்லை. மறுபுறம், பின்வந்த நாவல்களில் காலப்பயணத்துக்கு இருக்கும் விதிகள், வரலாற்றை மாற்ற முயன்றால் ‘வலை’ எனப்படும் காலப்பயணச் சாதனம் உங்களை வேறு இடத்திலோ நேரத்திலோ தள்ளிவிடும் என்பது போன்றவை, இங்கே அப்படி வளர்ந்திருக்கவில்லை. நாவலின் விதிகளை வைத்து இந்தக் கதையில் ஓட்டை தேடுபவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

ஆக, யார் சொல்வது சரி? உச்சம் என்பவர்களும் கொட்டாவி என்பவர்களும் ஒரே கதையைப் படித்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. கொட்டாவிக் கட்சியில் பெரும்பாலோர் உங்களைப்போல நாய்க் கதையிலிருந்து நேராக வந்தவர்கள். உச்சம் என்பவர்களில் பலர் வேறு எதையும் படிக்குமுன் இதைப் படித்தவர்கள், அல்லது எல்லாவற்றையும் முடித்துவிட்டு இங்கே திரும்பியவர்கள். இது எங்கள் கூட்டத்தில் பார்த்ததை வைத்துச் சொல்வது, பொதுவிதி இல்லை. உங்களுக்குப் பிடிக்காமல் போனதில் தவறு ஒன்றும் இல்லை, ‘விருது வாங்கிய கதை, பிடித்தே ஆகவேண்டும்’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மறுபடி முயல விருப்பம் இருந்தால் இப்போதே வேண்டாம். முதலில் ‘டூம்ஸ்டே புக்’ படியுங்கள், அதில் சிரிப்பு குறைவு, கொள்ளைநோய் பற்றியது, மனதைத் தயார் செய்துகொண்டு எடுங்கள். கிவ்ரின் யார் என்று தெரிந்த பிறகு ‘ஃபயர் வாட்ச்’சில் அவள் சொல்லும் இரண்டு மூன்று வரிகளின் கனமே வேறு. அப்புறம் இந்தக் கதையை ஒரே அமர்வில் படியுங்கள், ஒரு மாலைப்பொழுது போதும். அதற்கும் பிறகுதான் கடைசி இரண்டு பாகங்கள், ஏனென்றால் பார்த்தலோமியு கூரையில் நின்ற அதே டிசம்பர் 29 இரவு அங்கே வேறு ஆட்களின் கண் வழியாகத் திரும்ப வருகிறது, அவனைத் தேடிக்கொண்டே சிலர் எரியும் தெருக்களில் ஓடுகிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ‘பிளாக்அவுட்’ முடிவு என்று எதுவும் இல்லாமல் பாதியில் நிற்கும், ஆகவே ‘ஆல் கிளியர்’ கையில் கிடைத்த பிறகு ஆரம்பியுங்கள்.